பதினான்காவது முதல் சண்டை

ரூசோவுக்கு அன்று பதினான்காவது முறையாக முதல் சண்டை.

இந்த எண்ணிக்கை ரூசோவிடம் மட்டும் இருக்கக் கூடாது என்பது ஏற்பாடு. மற்ற எல்லோரிடமும் இருந்தது. வாசலில் மாலையோடு நின்றவருக்குத் தெரியும். புது அங்கியை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தவருக்குத் தெரியும். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அவன் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஜெசிந்தாவுக்கு எல்லோரையும்விட நன்றாகவே தெரியும். பதின்மூன்று முறையும் இதே ஸ்டூலில் உட்கார்ந்து, இதே முகத்தை வைத்துக்கொண்டு, இதே கையைத்தான் அவள் கட்டியிருக்கிறாள்.

"வலிக்குமா சிஸ்டர்?" என்றான் ரூசோ.

"முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான். மணி அடிச்சா பயம் போயிடும்."

இந்தக் கேள்வியும் பதிலும்கூடப் பழசுதான். அவள் கேட்பதற்கு முன்பே அவன் விரல்களை அகல விரித்து, துணி சுற்றத் தோதாக மணிக்கட்டைத் திருப்பிக் கொடுத்தான். புதிதாக வருகிறவன் கையை இறுக்கி மூடி நீட்டுவான். மூளையைக் கழுவினாலும் கை கற்றது கையிலேயே இருக்கிறது போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

காலை ஏழு மணி. எண்ணூரில் மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலைக் கொட்டகையை அரங்கமாக்கியிருந்தார்கள். காலங்கார்த்தாலே எவன் குத்துச்சண்டை பார்ப்பான் என்று கேட்கலாம். பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கடல் தாண்டி இருக்கிறவர்கள். அவர்களுக்கு அது இரவுச் சாப்பாடு முடிந்து சாய்வு நாற்காலியில் விழுகிற நேரம். அவர்களுடைய வசதிக்காக இங்கே ஒருவன் வெறும் வயிற்றோடு அடி வாங்க வேண்டும்.

எதிர்த் தரப்பிலிருந்து ஓர் ஆள் வந்து நின்று கட்டுப் போடுவதைப் பார்ப்பது வழக்கம். துணிக்குள் கெட்டியாக எதையும் ஒளிக்கவில்லை என்று சரிபார்த்து, கட்டின்மேல் பேனாவால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அன்று வந்தவர் நாகப்பன், கோயமுத்தூர்க்காரர், இந்த அரங்கத்துக்குப் புதியவர். அவர் கையெழுத்துப் போடாமல் ரூசோவின் விரல் முட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போட்டார். ஜெசிந்தா கை கழுவ வெளியே வந்தபோது பின்னாலேயே வந்தார்.

"ஏனுங்க சிஸ்டர், அது மொதச் சண்டைக் கையாங்க? எலும்பு ரெண்டு எடத்துல ஒடைஞ்சு கூடியிருக்குது."

"அவனுக்கு இது முதல் சண்டைதான்."

"புரியலீங்க."

"நெத்தியோரம் ஒட்டியிருக்கே, அது பேரு பொட்டு. அவன் உள்ளுக்குள்ள என்ன படறானோ அது அப்படியே பார்க்கிறவங்க தலையில மாட்டியிருக்கிற பட்டைக்குப் போகும். அடிபட்ட வலியில பத்துல ஒரு பங்குதான் அனுப்பணும்னு சட்டம் இருக்கு. மத்ததுக்கு ஒண்ணும் சட்டம் இல்ல. பயம் முழுசா போகும்."

"அது தெரியுமுங்க. அதுக்குத்தான பட்டை வாங்கறாங்க."

"பத்து சண்டை போட்டவனுக்குப் பயம் வராது சார். கணக்குப் போடுவான். அதை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டாங்க. முதல் சண்டைக்கு வர்றவன்தான் நடுங்குவான். அதனால ஒவ்வொரு சண்டை முடிஞ்சதும் ஒரு ஊசி. அந்தச் சண்டையும் அதைச் சுத்தின நாளும் போயிடும். கழுவல்னு சொல்லுவோம். நாலு வருஷமா பயிற்சியிலேயே இருக்கோம், சண்டை தள்ளிப் போயிட்டே இருக்குன்னு அவன் நெனச்சிட்டு இருக்கான்."

"ஜெயிச்சிருக்கறானுங்களா?"

"ஒன்பது தடவை."

"அதும் தெரியாதா அவனுக்கு?"

தெரியாது என்று அவள் தலையாட்டினாள். அவர் சுவரோரமாகப் போய்க் காறித் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு தன் பக்கத்து அறைக்குப் போனார். துப்பியது யார் மேல் என்று ஜெசிந்தா கேட்டுக்கொள்ளவில்லை. ஊசி போடுகிறவள் அவள்தான்.

முன்பு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை அறை நர்சாக இருந்தவள். அங்கே ஆள் குறைத்தபோது இங்கே வந்தாள். கை கட்டுவது, சண்டை நடுவே கிழிந்த புருவத்தை அடைப்பது, முடிந்ததும் வண்டியில் கூட்டிப்போய்க் கழுவல் போடுவது என்று எல்லாம் அவள் தலையில்தான். பயிற்சியாளருக்குத் தண்டச் சம்பளம் எதற்கு என்று அவரையும் நிறுத்திவிட்டதால், வளையத்தின் மூலையில் நிற்பதும் அவள்தான். எல்லோரும் அவளை சிஸ்டர் என்பார்கள். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் சமீபமாக அவளுக்கு வாயில் ஒரு கசப்பு ஊறியது.

அறைக்குத் திரும்பி ரூசோவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். வலது கண்ணின் பாவை சட்டென்று சுருங்கியது. இடது கண்ணில் அசைவே இல்லை. மறுபடி அடித்தாள். சோம்பேறித்தனமாகக் கொஞ்சம் சுருங்கி நின்றுவிட்டது.

"சுண்டு விரலை அழுத்தறேன், தெரியுதா?"

"எந்த விரலு சிஸ்டர்?"

அவள் டார்ச்சை வைத்துவிட்டு எழுந்து மகிபாலனிடம் போனாள்.

மகிபாலன் யார் என்று கேட்டால் ஊரில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். அவர் இல்லாவிட்டால் வடசென்னையில் கையுறை மாட்ட ஆளே இருந்திருக்க மாட்டான், செத்த விளையாட்டை எழுப்பி உட்காரவைத்த மனிதர் என்பார்கள். அதில் பொய் இல்லை. பயிற்சிக்கூடம் கட்டினார், பையன்களுக்கு முட்டையும் பாலும் கொடுத்தார். அவரிடம் இருந்தவன் எவனும் முப்பத்தைந்து வயதில் சொந்தச் சட்டைக்குப் பொத்தான் போட்டுப் பார்த்ததில்லை என்றும் சொல்வார்கள். அதிலும் பொய் இல்லை. முதல் பேச்சை மேடையில் பேசுவார்கள், இரண்டாவதை டீக்கடையில் பேசுவார்கள். அன்று சாயங்காலம்கூட ஏதோ சங்கத்தில் அவருக்கு 'குத்துச்சண்டைக் காவலர்' என்று பட்டம் கொடுக்கப்போகிறார்கள்.

அவர் மாதுளை முத்துக்களை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் பட்டை. புதுப் பையன்களைப் பொறுக்குவதுகூட அப்படித்தான். பொட்டை ஒட்டி, பட்டையை மாட்டி, பையனை நாலு குத்து வாங்கவைத்து, கண்ணை மூடிச் சுவைத்துப் பார்ப்பார். பிடித்திருந்தால் எடுத்துக்கொள்வார்.

"சார், ரூசோவை இன்னிக்கு விட வேண்டாம். தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கணும். இன்னொரு பலமான அடி விழுந்தா எழுந்திருக்க மாட்டான்."

"டாக்டர் பார்த்துட்டாரே."

"டாக்டர் உங்க ஆளு சார்."

"நீங்களும் என் ஆளுதான் சிஸ்டர்." சிரித்தார். பல் எல்லாம் சிவப்பாக இருந்தது. "வாஸ்தவம், அவன் தேஞ்சுட்டான். எனக்கும் தெரியுது. இதான் அவனுக்குக் கடைசி முதல் சண்டை. போதுமா?"

"கடைசியா இருக்கும். செத்துடுவான்."

"அவனால ஆகலன்னா தம்பி இருக்கான். வால்டேர். ஒப்பந்தம் குடும்பத்தோட போட்டது, மறந்துட்டீங்களா? அவங்க அப்பன் பகுத்தறிவு பேசிக்கிட்டுப் பசங்களுக்கு நல்லாப் பேரு வச்சான், கையெழுத்துப் போடறப்ப படிச்சுப் பார்க்கத்தான் தோணல."

கதவு தட்டப்பட்டது. மாலையும் அங்கியுமாக ரூசோ நின்றான், பின்னால் அவன் தம்பி. ரூசோ உள்ளே வந்து மகிபாலன் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"நாலு வருசமா ஒரு சண்டகூட போடாத எனுக்குச் சோறு போட்டு வச்சினு இருந்தீங்க சார். இன்னிக்கி உங்க பேர காப்பாத்திடுவேன்."

மகிபாலன் அவனை உடனே எழுப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. ருசியான எதையோ விழுங்குகிற மாதிரி இருந்தது. பொட்டு அனுப்பிக்கொண்டிருந்தது, பட்டை வாங்கிக்கொண்டிருந்தது. ஜெசிந்தாவுக்குக் குமட்டியது. அந்த அறையில் இன்னும் ஒரு நிமிடம் நின்றால் வாந்தி எடுத்துவிடுவோம் என்று வெளியே வந்துவிட்டாள். துண்டு தன் தோளில்தானே இருக்கிறது என்று அப்போதுதான் நினைத்தாள். மூலையில் நிற்கிறவள் துண்டை வளையத்துக்குள் எறிந்தால் சண்டை முடிந்தது. அதை யாரும் மாற்ற முடியாது, மகிபாலன்கூட.

ஆனால் சும்மா எறிந்தால் ரூசோவே அவளை மன்னிக்க மாட்டான். நான்கு வருடம் காத்திருந்து கிடைத்த முதல் சண்டை என்று நம்புகிறவன். அவனிடம் உண்மையைச் சொல்லி, அவனையே வேண்டாம் என்று சொல்லவைக்க வேண்டும். பட்டையில் உணர்ச்சிதான் போகும், பேச்சு போகாது. இடைவேளையில் காதோரம் சொல்லிவிடலாம்.

மணி அடித்தது. எதிரே வந்தவன் நல்ல உயரம், நிதானமான ஆள். முதல் சுற்றில் ரூசோ கால் மாற்றி மாற்றி விலகினான். நன்றாகத்தான் ஆடினான். இரண்டாவது சுற்றில் இடப்பக்கமாக வந்த குத்து எதையும் அவன் பார்க்கவே இல்லை. மூன்று குத்து ஒரே இடத்தில் விழுந்தது. புருவம் கிழிந்தது.

மணி. ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, பஞ்சை மருந்தில் நனைத்துப் புருவத்தில் அழுத்தினாள். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் குனிந்தாள்.

"ரூசோ, நல்லா கேட்டுக்கோ. இது உனக்கு முதல் சண்டை இல்ல."

அவன் தண்ணீரைக் கொப்பளித்து வாளியில் துப்பினான். "தெரியும் சிஸ்டர்."

அவள் கை புருவத்திலேயே நின்றுவிட்டது.

"பதினாலாவது," என்றான். "ஒம்பது ஜெயிச்சேன். திருவள்ளூரான் என் விலா எலும்ப ஒடச்சது, நீ அழுதுனே கட்டுப் போட்டது, எல்லாமே கீது உள்ள."

"எப்படிடா? நான்தானே ஊசி..."

"சண்ட முடிஞ்சி வண்டியில ஏத்துவ. கண்டெய்னர் லாரிங்க வரிசகட்டி நிக்கும், வண்டி நவுராது. மூஞ்சி வீங்கக்கூடாதுன்னு ஐஸ் துணிய கண்ணு மேல போட்டுட்டு, கண்ண தொறக்காத ராசான்னு சொல்லுவ. தூங்கிடுவேன் சிஸ்டர்."

ஊசிக்கு முன் தூங்க விடக் கூடாது. தூக்கத்தில்தான் நினைவு உறைந்து பிடித்துக்கொள்ளும், பிறகு கழுவினாலும் போகாது. முதல் நாளே அவளுக்கு மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுத்த விதி அது. கண்ணை மூடச் சொன்னோம், தூங்கவா சொன்னோம் என்று இருந்துவிட்டாள். இவ்வளவு அசிங்கத்துக்கு நடுவில் தான் செய்த ஒரே நல்ல காரியம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது அந்த ஐஸ் துணியைத்தான்.

"தெரிஞ்சுமா வந்து நிக்கிற? பயம்... உன்கிட்டேருந்து அவ்வளவு பயம் வருதுன்னு பட்டை போட்டவங்க சொல்றாங்களே!"

"மொத தபா எனுக்குப் பயமே இல்ல சிஸ்டர். தெரியாதவனுக்கு இன்னா பயம்? இப்பதான் பயம். ஒவ்வொரு குத்தும் எங்க விழும், எவ்ளோ நாளு வலிக்கும், எல்லாம் தெரிஞ்சினுதான மேல ஏர்றேன்." மூச்சு வாங்கினான். "நான் நடிக்கலன்னா வால்டேர இட்டாந்துருவாரு. துண்ட மட்டும் போட்றாத. கால்ல வேணா வுழறேன்."

மணி அடித்தது. அவன் எழுந்து போய்விட்டான்.

மூன்றாவது சுற்று. எதிராளியின் மூலையில் நாகப்பன் தன் ஆளைப் பார்த்து ஏதோ கத்திக்கொண்டிருந்தார். மெதுவாக, மெதுவாக என்பதுபோல் கையை ஆட்டினார். அவனுக்குக் கேட்கவில்லையோ என்னவோ, இடப்பக்கமாக மறுபடி ஒன்று விழுந்தது. ரூசோவின் முழங்கால் மடிந்தது. விழவில்லை, நின்றான். முன்னால் யாரும் இல்லாத பக்கம் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

ஜெசிந்தா துண்டை எறிந்தாள்.

அது கயிற்றைத் தாண்டி நடுவில் போய் விழுந்தது. ரூசோ அதைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. வாய் திறந்தபடி, ஒரு குழந்தைபோல விசும்பி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நாகப்பன்தான் ஒரு பக்கம் தூக்கினார். வால்டேர் கூட ஏறிக்கொண்டான். பொட்டை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அரங்கத்து ஆள் வழிமறித்தான். நானே கொடுத்துடறேன் என்று ஜெசிந்தா அதை உரித்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். மருந்துப் பெட்டியை எடுக்க உடை மாற்றும் அறைக்கு வந்தபோது மகிபாலன் பட்டையைக் கழற்றாமல் அங்கே உட்கார்ந்திருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் கண் கலங்கியிருந்தது.

"சிஸ்டர், துண்டு விழுந்தப்ப அவனுக்குள்ள ஒண்ணு வந்துச்சு பாருங்க... அடடா. தப்பிச்சோம்னு ஒரு பக்கம். தம்பி மாட்டிக்குவானேன்னு ஒரு பக்கம். ரெண்டும் சேர்ந்து பாகு மாதிரி. இத்தனை வருஷத்துல நான் இப்படி ருசிச்சதே இல்ல."

"அவனுக்கு ஞாபகம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நாலாவது சண்டையிலேயே தெரியும். தெரியாத பயம் வயித்துல வரும். தெரிஞ்ச பயம் எலும்புல வரும். இத்தனை நாள் பட்டை போடறவனுக்கு அதுகூடவா புரியாது? ஏன் ஊசி பிடிக்கலன்னு தெரியல, நான் கேக்கவும் இல்ல. நல்ல சரக்கு எங்கேருந்து வந்தா என்ன?"

"அப்புறம் எதுக்கு நான் ஊசி போட்டேன்? எதுக்கு இந்த மாலை, அங்கி, நாடகம் எல்லாம்?"

"அவன் நடிக்கிற வரைக்கும் முதல் சண்டைச் சம்பளம்தானே கேப்பான்?" மகிபாலன் மாதுளைக் கிண்ணத்தைத் தேடி எடுத்தார். "காலைல கால்ல விழுந்தானே, உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? கொலைவெறி. அதையும் நான் விடல. சரி, கேளுங்க. இனிமே துண்டைக் கடைசி வரைக்கும் கையில வச்சிருந்து, சரியா அந்த இடத்துல போடணும். வால்டேருக்கும் அப்படியே செய்யலாம். எத்தனை பேர் இன்னும் பட்டையைக் கழட்டாம உக்காந்திருக்காங்க தெரியுமா? அடுத்து என்ன வரும்னு காத்துக்கிட்டு இருக்காங்க."

ஆக, ரூசோவுக்கும் தெரிந்திருந்தது, மகிபாலனுக்கும் தெரிந்திருந்தது. நாடகத்தை நம்பி நடித்தவள் அவள் ஒருத்திதான்.

ஜெசிந்தா உள்ளங்கையைத் திறந்து பார்த்தாள். பொட்டில் சின்னப் பச்சை வெளிச்சம் இன்னும் இருந்தது. ரூசோவின் வியர்வை காயவில்லை. அவள் அதை எடுத்துத் தன் நெற்றியோரம் அழுத்தி ஒட்டிக்கொண்டு மகிபாலனை நேராகப் பார்த்தாள்.

எதையும் மறைக்கவில்லை. சிவந்த பல், ஏறி இறங்கிய தொண்டை, காலில் விழுந்து கிடந்தவனைச் சுவைத்த மூடிய கண். அதோடு தன்னையும் சேர்த்துப் பார்த்தாள். முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான் என்று அத்தனை முறை சொன்ன வாயை, ஊசி ஏற்றிய கையை. சாய்வு நாற்காலியில் காத்திருக்கிறவர்களையும் நினைத்துக்கொண்டாள். நான்கு வருட அருவருப்பு குடலிலிருந்து கிளம்பியது. வலியில் பத்தில் ஒரு பங்குதான் போகும். இது வலி இல்லை, முழுசாகப் போனது.

மகிபாலன் கையிலிருந்த கிண்ணம் விழுந்தது. "ஏய்... நிறுத்து..." என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். பட்டையைப் பிய்த்து எறிந்தபின்பும் எடுத்தார். முகம் பார்க்கும் கண்ணாடி எதிரே இருந்தது. அதைப் பார்த்ததும் மறுபடியும் எடுத்தார். வெளியே யாரோ ஓடுகிற சத்தம், எல்லோரும் பட்டையைக் கழற்றுகிறார்கள், எல்லோரும் கழற்றுகிறார்கள் என்று கத்துகிற சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து பெஞ்சில் சரிந்து கிடந்தார். பட்டையை மறுபடி எடுக்கக் கை நீட்டி, தொட முடியாமல் இழுத்துக்கொண்டார்.

"சிஸ்டர், அது போக மாட்டேங்குது. உள்ளயே நிக்குது. நான்... நான் அப்படியா இருக்கேன்?"

அவள் தன் நெற்றியிலிருந்து பொட்டை உரித்தாள்.

"கழுவிடுங்க. உங்க பெட்டியிலதானே ஊசி இருக்கு? ரூசோவை விட்டுடறேன். அவன் தம்பியையும் விட்டுடறேன். சத்தியம். போட்டுடுங்க."

"போட்டா இந்தச் சத்தியமும் சேர்ந்து போயிடுமே சார்."

அவர் அழ ஆரம்பித்தார். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வராததைப் பற்றி வருத்தமும் இல்லை. ஆனால் நர்சாக இருந்தவள், நோயாளியை எப்படிப் படுக்கவைப்பது என்று கைக்குத் தெரியும். தலைக்கு அங்கியை மடித்து வைத்தாள். ரூசோவுக்காகக் கொண்டுவந்த ஐஸ் பெட்டியைத் திறந்து, துணியை நனைத்துப் பிழிந்து, அவருடைய கண்கள் மேல் இதமாகப் பரப்பினாள்.

"வாந்தி அடங்கட்டும் சார், மத்ததை அப்புறம் பார்க்கலாம். முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான். கண்ணை மூடிக்கிட்டுக் கொஞ்சம் தூங்குங்க."

குறட்டை வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள்.